அது ரொட்டி இல்லை

மிர்தோவுக்கு ஏழு வயது. ஈரலில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. அது தெரிந்த நாளிலிருந்து அவள் அம்மா அக்லாயா தன் புருஷனோடு பேசுவதில்லை.

கட்டி நாயிடமிருந்து வந்தது என்று டாக்டர் சொன்னதுதான் காரணம். ஆட்டு மந்தை வைத்திருக்கிற வீடுகளில் இது நடக்கிறதுதான், நாயின் வயிற்றுப் புழு முட்டை அதன் ரோமத்தில் ஒட்டியிருக்கும், பிள்ளை தடவிவிட்டு விரலை வாயில் வைத்தால் போதும் என்றார். லாம்ப்ரோஸுக்கு எபிரஸ் மலையில் மந்தை உண்டு. மூர்கோ என்று ஒரு காவல் நாயும் உண்டு. மிர்தோ நடை பழகினதே அதன் காதைப் பிடித்துக்கொண்டுதான்.

நாயை அனுப்பிவிடு என்று அக்லாயா சொன்னாள். ஓநாய் வந்தால் நீ போய் நிற்பாயா என்று லாம்ப்ரோஸ் கேட்டான். அதோடு சரி. தட்டு வைப்பாள், சட்டையைத் துவைத்து மடித்து வைப்பாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள்.

இன்றைக்கு ஆபரேஷன்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில், மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அக்லாயா காவல் இருந்தாள். ராத்திரிக்கு மேல் வாய்க்குள் எதுவும் போகக் கூடாது என்று கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கியது. அந்த அட்டையை அவள் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். ஓர் அம்மாவுக்கு அந்த இடத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது? ஊசி போடத் தெரியாது. ஸ்கேன் படத்தைப் பார்த்தால் மழை மேகம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர்கள் பேசுவது பாதி புரியவில்லை. பிள்ளை வாய்க்குள் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருந்தாள்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துப் போய் வராந்தா ஜன்னலில் வைத்தாள், பிள்ளையின் கண்ணில் படக் கூடாது என்று. பக்கத்துக் கட்டில் பையன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபோது நடுவில் இருந்த திரையை இழுத்துவிட்டாள். காலையில் பல் தேய்க்கக்கூட விடவில்லை. பேஸ்ட்டை விழுங்கிவிடுவாள் என்று பயம்.

"அம்மா, உதட்டை மட்டும் நனைச்சுக்கறேன்," என்றாள் மிர்தோ.

"கூடாது."

"எச்சில் முழுங்கலாமா?"

"அது உன் சொந்த எச்சில். முழுங்கிக்கோ."

மிர்தோ சிரித்தாள். சிரிக்கும்போது வலது பக்க விலாவைக் கையால் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் சிரிக்கிறாள்.

அப்போதுதான் கல்லியோப்பி உள்ளே வந்தாள். லாம்ப்ரோஸின் அக்கா. மிர்தோவுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கிப் பெயர் வைத்தவள் அவள்தான். சொந்தப் பிள்ளை இல்லை, அதனால் மிர்தோவின் காய்ச்சல் சளிக்கெல்லாம் அம்மாவுக்கு முன்னால் அவள்தான் கவலையில் படுத்துக்கொள்வாள். மூன்று சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருந்தாள். கூடவே ஆஸ்பத்திரி கோவிலின் பாதிரியாரையும் அழைத்து வந்திருந்தாள்.

விஷயம் முன்னாலேயே பேசி வைத்ததுதான். கத்தி படுவதற்கு முன் பிள்ளை நற்கருணை எடுக்க வேண்டும். அக்லாயாவுக்கும் அதில் சம்மதம்தான். நற்கருணைக்கும் வெறும் வயிறுதான், ஆபரேஷனுக்கும் வெறும் வயிறுதான், பாத்தியா எப்படி அமைஞ்சுது என்று கல்லியோப்பி ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னாள்.

பாதிரியாருக்கு அவசரம். இன்னும் இரண்டு வார்டு பாக்கி என்றார். பிள்ளையின் பெயரைக் கேட்டார். அக்லாயா அவர் நீட்டிய சிவப்புத் துணியை மகளின் தாடைக்குக் கீழே இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். மிர்தோ குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்தாள். நற்கருணை ரசத்தோடு கரண்டி உள்ளே போய் வெளியே வந்தது. பாதிரியார் துணியால் அவள் உதட்டைத் துடைத்தார், தலையில் கை வைத்தார், போய்விட்டார்.

கல்லியோப்பி கைப்பையிலிருந்து ஒரு காகிதத் துண்டைப் பிரித்தாள். ஊர்க் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்த சாமி அப்பம். நற்கருணை எடுத்த வாயில் எதுவும் ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, அதனால் மேலே ஒரு வாய் அப்பம் கொடுப்பார்கள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கொடுப்பதுதான். அக்லாயா ஒரு துண்டை எடுத்து மகள் வாயில் வைத்தாள்.

மிர்தோ மென்றாள். முகம் மலர்ந்தது.

"இன்னொண்ணு."

"குடுடி," என்றாள் கல்லியோப்பி. "சாமி அப்பம் தானே. கேக்குறப்ப இல்லன்னு சொல்லாத."

அக்லாயா இரண்டாவது துண்டைத் தேடி எடுத்தாள். கெட்டியான ஓரப் பொறுக்கு ஒட்டிய பெரிய துண்டு. காய்ந்து போயிருந்ததால் தொண்டையில் சிக்கியது. அவளே எழுந்து போய் வராந்தா ஜன்னலிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து குடிக்கக் கொடுத்தாள்.

எப்படிக் கொடுத்தாள் என்று யாரும் கேட்கலாம். ராத்திரி முழுக்கக் காவல் காத்தவள்தானே. ஆனால் அவள் மனத்தில் அந்த அட்டை ஒரு அறையில் இருந்தது, சாமி அப்பம் வேறு அறையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை. பிள்ளை மென்று விழுங்குவதைப் பார்த்தபோது, பல நாளுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு லேசானது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளையைக் கல்லியோப்பியிடம் விட்டுவிட்டு அக்லாயா முகம் கழுவிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு மயக்க டாக்டர் வந்தாள். எவ்யேனியா என்று பெயர், வயது அதிகமில்லை, ரப்பர் செருப்பு, தூங்காத கண். பிள்ளையின் பெயரையும் எடையையும் கேட்டாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஆடும் பல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். கடைசியில் அம்மா பக்கம் திரும்பினாள்.

"ராத்திரியிலிருந்து ஏதாவது சாப்பிட்டாளா? குடிச்சாளா?"

"பல்லுகூட விளக்க விடல டாக்டர்," என்றாள் அக்லாயா. பெருமையாகவே சொன்னாள்.

கல்லியோப்பி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். மிர்தோவும் தலையாட்டினாள். மூன்று பேரும் பொய் சொல்வதாக அக்லாயாவுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அதில் பயங்கரம்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீலக் கதவு வரைக்கும் கூடப் போகலாம். லாம்ப்ரோஸ் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். மலையிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டையில் ஆட்டு வாசனை. குனிந்து மகள் நெற்றியில் முத்தம் வைத்தான். மூர்கோவுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று மிர்தோ கேட்டாள். அவன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து ஆட்டுக்கிடைக்காரர் போடுகிறார் என்று மெதுவாகச் சொன்னான். கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கிற கூடத்தில் அம்மாக்கள் மட்டும் நாலு பேர் இருந்தார்கள். ஒருத்தி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தி போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், கடையில் மாவு எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆளை. அக்லாயா மகள் கழற்றிப் போட்ட துணிகளை மடியில் வைத்து மடித்தாள். மடித்து முடித்ததும் உதறிவிட்டு மறுபடியும் மடித்தாள். லாம்ப்ரோஸ் தூரத்தில் ஜன்னலோரமாக நின்றான்.

பக்கத்து நாற்காலியில் த்ரிதா. அல்பேனியாக்காரி, இருபது வருஷமாக இந்த ஊரில்தான் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்கிறாள். அவள் மகனுக்குக் கால் எலும்பில் ஆபரேஷன். அவளாகவே பேச்சை ஆரம்பித்தாள். சிலருக்குப் பேசினால்தான் மூச்சு வரும்.

போன தடவை ஆபரேஷன் நடக்காமல் போன கதையைச் சொன்னாள். மகன் தலையணைக்கு அடியில் ஒரு துண்டு எள் அல்வாவை ஒளித்து வைத்திருந்து, யாருக்கும் தெரியாமல் தின்றுவிட்டானாம். கடைசி நிமிஷத்தில் அவன் வாயில் எள் வாசனை வந்ததால் தப்பித்தானாம்.

"டாக்டர் என்னை நிக்க வெச்சுத் திட்டுனார்," என்றாள் த்ரிதா. "மயக்கத்துல தொண்டை தூங்கிடுமாம். வயித்துல இருக்குறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குப் போயிடுமாம். ஒரு வாய் அல்வா, அவ்வளவுதான், பிள்ளை செத்திருப்பான்னு சொன்னார். அன்னிலேருந்து நான் அல்வாவே வாங்கறதில்ல."

அக்லாயா தலையாட்டினாள். தன் மகள் அப்படி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டாள், அதைக்கூடக் கொடுக்கவில்லை என்றாள்.

"நம்ம பிள்ளைக்கு என்ன குறை," என்றாள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கல்லியோப்பி. "காலையில நற்கருணை எடுத்தா. மேல சாமி அப்பம் ஆசையா ரெண்டு துண்டு சாப்பிட்டா. கர்த்தர் உள்ள இருக்கும்போது கத்தி என்ன பண்ணும்."

த்ரிதா நாற்காலியில் அவர்கள் பக்கம் திரும்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பம்னா? ரொட்டியா?"

"அது ரொட்டி இல்ல," என்றாள் கல்லியோப்பி.

அக்லாயாவின் கையில் மகளின் பனியன் இருந்தது. அது பாதி மடிப்பில் நின்றது. காய்ந்த பொறுக்கு. மிர்தோவின் தாடை அசைந்தது. தொண்டையில் சிக்கினபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டிலை யார் எடுத்து வந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிற மாதிரி இருந்தது.

எழுந்தாள். கல்லியோப்பி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போற?"

"சொல்லணும் அண்ணி."

"என்னன்னு சொல்லுவ? கர்த்தரோட உடம்பைத் தின்பண்டம்னு சொல்லுவியா? ஒரு நாயால வந்த வியாதியை வெட்டி எடுக்க வந்தவங்ககிட்ட போய்?"

அண்ணி, என்று அக்லாயா மறுபடியும் சொன்னாள். கல்லியோப்பி இப்போது பேச்சை மாற்றினாள். குரலும் மாறியது. சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்றாள். இந்தக் கட்டியை எடுக்கத் தெரிந்தவர் ஏதென்ஸிலிருந்து வந்திருக்கிற அந்த ஒரு சர்ஜன்தான், அவர் கிளம்பிப் போய்விட்டால் மறுபடி எப்போது வருவாரோ. கட்டி உள்ளேயே உடைந்தால் பிள்ளை பிழைக்க மாட்டாள் என்று டாக்டர்தானே சொன்னார். "ரெண்டு துணுக்கு அப்பத்துக்காகப் பிள்ளையைப் பறிகொடுப்பியா?"

அதுவும் நிஜம்தான். அக்லாயா நின்றாள். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. ஜன்னலோரம் நிற்கிற புருஷனைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எதைச் சொல்லிக் கூப்பிடுவது? அவன் வெளியே கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாவாடையை உருவிக்கொண்டு நடந்தாள். நீலக் கதவின் பக்கத்தில் இருந்த மணியை அழுத்தினாள்.

யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். ஒரு ஆள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே வேலை ஆரம்பித்தாகிவிட்டது, முடிந்ததும் டாக்டரே வருவார், போய் உட்காருங்கள் அம்மா என்றான்.

"பிள்ளை சாப்பிட்டிருக்கா," என்றாள் அக்லாயா.

அந்த ஆள் அவள் முகத்தைப் பார்த்தான். கதவை மூடாமலே உள்ளே ஓடினான்.

எவ்யேனியா வந்தாள். முகமூடி தாடையில் தொங்கியது. என்ன, எப்போது, எவ்வளவு என்று கேட்டாள். அக்லாயாவின் முதுகுக்குப் பின்னால் கல்லியோப்பி வந்து நின்றிருந்தாள், அவள் மூச்சு கழுத்தில் பட்டது.

"காலையில நற்கருணை எடுத்தா டாக்டர். அப்புறம் சாமி அப்பம். ஒரு துணுக்கு." கட்டை விரலால் சுண்டு விரல் நகத்தைத் தொட்டுக் காட்டினாள். "இவ்வளவுதான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. திரும்பி ஓடினாள். ரப்பர் செருப்புச் சத்தம் உள்ளே எங்கேயோ போய் நின்றது. கதவு தானாக மூடிக்கொண்டது.

அக்லாயா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்து சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் பயம், வராததும் பயம். ஏற்கெனவே மயக்கம் கொடுத்துவிட்டார்களா? கொடுத்துவிட்டால் என்ன செய்வார்கள், எழுப்புவார்களா, எழுப்பினால் எழுந்திருப்பாளா? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

பக்கத்தில் லாம்ப்ரோஸ் வந்து நின்றான். என்ன நடக்கிறது என்று தன் அக்காவிடம்தான் கேட்டான், மனைவியிடம் இல்லை. கல்லியோப்பி வாயைத் திறப்பதற்குள் அக்லாயா முந்திக்கொண்டாள்.

"நான்தான் குடுத்தேன். அப்பம். என் கையால."

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் அவளையே பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். ஆட்டு வாசனை அடிக்கிற தன் சட்டையைப் பார்த்தான். அவ்வளவுதான்.

எவ்யேனியா திரும்பி வந்தாள். மயக்கம் கொடுக்க முகத்தில் மாட்டுகிற மூடியைக் கையில் எடுத்தாகிவிட்டது, அந்த நேரத்தில்தான் அந்த ஆள் ஓடி வந்தான் என்றாள். பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வயிறு காலியாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். சர்ஜன் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார், சாயங்காலம் செய்யலாம் என்கிறார்.

கல்லியோப்பி சிலுவை போட்டுக்கொண்டாள். அக்லாயா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை பிள்ளை பக்கத்து அறையில் இருப்பாள், கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்றாள் டாக்டர். உள்ளே ஒரே ஒருவர்தான். பிள்ளை கேட்டாலும் அழுதாலும் எதுவும் கொடுக்கக் கூடாது. "எதுவும்னா எதுவும். சாமி குடுத்தாலும் கூடாது. யார் இருக்கீங்க?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அக்லாயா தரையிலிருந்து புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போ," என்றாள்.

"நானா? நாயைத் தொட்ட கையாச்சே இது."

"என் கைக்கு அது தேவலை."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டான். அங்கேயே இருந்த தொட்டியில் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கழுவிவிட்டு உள்ளே போனான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அக்லாயா நின்றாள். சத்தம் கேட்காது, முகம் மட்டும் தெரியும். மிர்தோ அப்பாவிடம் எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அந்த மயக்க மூடியைப் பற்றியாக இருக்கும், மூக்கின் மேல் கையைக் குவித்துக் காட்டினாள். லாம்ப்ரோஸ் தன் தொப்பியைக் கழற்றி மகள் தலையில் வைத்தான். அது அவள் கண் வரைக்கும் இறங்கியது. அக்லாயாவுக்கு அழுகை வந்தது, ராத்திரியிலிருந்து முதல் தடவையாக. சாயங்காலம் வரைக்கும்தானே, சாயங்காலம் வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மதியம் த்ரிதாவின் மகனை வெளியே கொண்டு வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. போகிறபோது த்ரிதா அக்லாயாவின் தோளை அழுத்திவிட்டுப் போனாள். உங்கள் பிள்ளையும் இப்படித்தான் வருவாள் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தாள் அக்லாயா.

மறுபடி கண்ணாடி பக்கம் திரும்பினபோது மிர்தோ சொறிந்துகொண்டிருந்தாள்.

முதலில் கழுத்தை. பிறகு கையை. லாம்ப்ரோஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான், சட்டைக் கையைத் தோள் வரைக்கும் ஏற்றிப் பார்த்தான். செந்தட்டிச் செடி பட்ட மாதிரி சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. அவன் மகள் முதுகைத் திருப்பிப் பார்த்தான். அங்கேயும். நர்ஸ் வந்தாள், பார்த்தாள், சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

மிர்தோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மாவைப் பார்த்தாள். தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, அந்தச் சிவந்த கையைத் தூக்கி ஆட்டினாள். அக்லாயாவும் கையை ஆட்டினாள். வேறு என்ன செய்ய?

அறைக்குள் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். ஏதென்ஸ் சர்ஜனை அக்லாயா அப்போதுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தாள். சின்ன உருவம், கடைக்காரர் மாதிரி இருந்தார். பிள்ளையின் வயிற்றைத் தொட்டார். யாரையும் பார்க்காமல் நீலக் கதவுக்குள் போனார். கட்டில் நகர ஆரம்பித்தது.

எவ்யேனியா நேராக அக்லாயாவிடம் வந்தாள்.

"கட்டி கசியுது. அதனாலதான் தடிப்பு. இனிமே நேரம் இல்ல. வயித்துல என்ன இருக்கோ அதோடதான் கூட்டிட்டுப் போறோம்."

சொன்னதால்தான் தாமதம், தாமதத்தால்தான் கசிவு, இல்லாவிட்டால் இந்நேரம் முடிந்திருக்கும் என்று கல்லியோப்பி சொல்லாமலே அக்லாயாவின் காதில் கேட்டது. டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க சொன்னது தப்பில்ல," என்றாள். "தெரியாம போறது வேற, தெரிஞ்சு போறது வேற. வாந்தி வரும்னு நெனச்சுத்தான் எல்லாத்தையும் தயார் பண்ணி வெச்சிருக்கேன். அதனாலதான் மறுபடி கேக்கறேன். எவ்வளவு சாப்பிட்டா? நகத்தளவா?"

லாம்ப்ரோஸ் வெளியே வந்து நின்றிருந்தான். கல்லியோப்பி இருந்தாள். நர்ஸ் இருந்தாள். எல்லோருக்கும் முன்னால் அக்லாயா உள்ளங்கையை விரித்தாள்.

"ரெண்டு துண்டு. முதல்ல சின்னது. ரெண்டாவது இதுல பாதி இருக்கும். பொறுக்கு, காய்ஞ்சது. சரியா மெல்லாம முழுங்கினா. மேல தண்ணி குடுத்தேன், கால் பாட்டில் இருக்கும். நகத்தளவுன்னு சொன்னது பொய் டாக்டர்."

"வேற?"

"அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்."

டாக்டர் ஒரு நொடி அவள் முகத்தையே பார்த்தாள். நம்பினாள். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நீலக் கதவு மூடிக்கொண்டது.

லாம்ப்ரோஸ் மனைவியின் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்துகொண்டான். தோளில் தோள் பட்டது. அவள் விலகவில்லை. கையில் மகளின் தலையிலிருந்து எடுத்த தொப்பியை வைத்துக்கொண்டு, அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தான். இருவரும் கதவையே பார்த்தார்கள்.

"அக்லாயா."

கல்லியோப்பியின் குரல். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவளின் குரல் மாதிரியே இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்ன அண்ணி?"

"காலையில நீ முகம் கழுவப் போனியே. பிள்ளை பசிக்குதுன்னு ரொம்ப அழுதா. நான் பாத்துக்கிட்டு..." நிறுத்தினாள். "அப்ப நான் ஒண்ணு குடுத்தேன். அது சாமி அப்பம் இல்ல."

லாம்ப்ரோஸ் தன் அக்காவின் பக்கம் திரும்பினான். என்ன குடுத்த என்று கேட்க வாயெடுத்தான். அக்லாயா கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். அவளுக்குக் கேட்க வேண்டாம். கேட்க நேரமும் இல்லை. கல்லியோப்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள். வயதில் பெரியவள், பிள்ளைக்குப் பெயர் வைத்தவள், வீட்டில் அவள் முன்னால் இதுவரை குரல் உயர்த்திப் பேசினதில்லை. இழுத்த இழுப்பில் கைப்பை கீழே விழுந்தது, யாரும் எடுக்கவில்லை. கதவு வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

மணியின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை.

"என்கிட்ட சொல்லாதீங்க அண்ணி," என்றாள். "கதவு திறக்கும். அவங்ககிட்ட சொல்லுங்க."

உள்ளே எங்கேயோ மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை.